எஞ்சின் ஆயில் வியாபாரம்: இலவசப் பெட்டியை நம்பலாமா?



கடந்த மார்ச் மாதம், ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரத்தில், ஒரு ஆயில் கம்பெனியின் விற்பனை அதிகாரி என் கடைக்கு வந்தார். மசகு எண்ணெய் அதிகமாகச் செலவாகும் நாடுகளில் அமெரிக்கா, சீனாவுக்கு அடுத்து நம் நாடுதான் என்றார். வண்டிகள் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகின்றன என்றார். ஆகவே சென்ற ஆண்டைவிடக் கூடுதலாக 400 பெட்டி எடுங்கள் என்றார். முதல் இரண்டும் உண்மைதான். மூன்றாவதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மளிகைக் கடைக்காரர் படிக்கும் இதழில் எஞ்சின் ஆயில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். ஊருக்கு ஒதுக்குப்புறமான கிராமங்களில் உதிரி பாகக் கடை கிடையாது. அங்கே துவரம் பருப்பு விற்கும் கடையில்தான் மொபெட் ஆயிலும், கிணற்று ஆயில் எஞ்சினுக்கான எண்ணெயும் விற்கிறோம். என் பேரேட்டில் ஆயில் பற்று உள்ளவர்களில் கணிசமானவர்கள் மளிகைக் கடைக்காரர்களே.

நான் 1980-ல் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் கடையில் உட்கார்ந்தவன். அப்போது ஆயில் என்றால் பேரல்தான். கைப்பம்பை அழுத்தி, அரை லிட்டர் குவளையில் அளந்து, வாடிக்கையாளர் கொண்டுவந்த டப்பாவில் ஊற்றுவோம். அடிப்படை எண்ணெய் இறக்குமதி அரசு கம்பெனியின் வழியாகவே நடந்தது. பெரும்பாலான விற்பனை பெட்ரோல் பங்குகளில். கடைத்தெருவை நம்பி வந்த கம்பெனிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

1990-களின் தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஷெல், மொபில், எல்ஃப், கால்டெக்ஸ் என்று வெளிநாட்டுப் பெயர்கள் வரிசையாக வந்தன. சர்வோ, காஸ்ட்ரால் என்று இரண்டு மூன்று பெயரே தெரிந்திருந்த நாமக்கல், சங்ககிரி பட்டறைச் சுவர்கள் முழுவதும் ஆயில் விளம்பரமாயிற்று. விநியோக உரிமைக்காக நம் ஊர்க் கடைகளைத் தேடிக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளில் நானும் நன்றாகவே சம்பாதித்தேன், மறைப்பதற்கில்லை.

அன்று நம்மை வாழவைத்தது டூ ஸ்ட்ரோக் வண்டி. மொபெட், ஸ்கூட்டர், 100 சி.சி. பைக், ஆட்டோ எல்லாம் பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரித்தன. லிட்டருக்கு 20 மில்லி, 40 மில்லி என்று கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் போடும் போதெல்லாம் ஆயில் விற்றது. மளிகைக் கடையில் ஷாம்பு பொட்டலத்தோடு 2டி ஆயில் பொட்டலமும் சரம் சரமாய்த் தொங்கியது. பிறகு ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகள் பரவின. 2015-ல் கிராமத்துக்காரரின் எக்ஸ்.எல். வண்டியே ஃபோர் ஸ்ட்ரோக்காக வந்துவிட்டது. அந்த வண்டி ஆயிலைக் குடிப்பதில்லை, வயிற்றில் தேக்கி வைத்துக்கொள்கிறது. வண்டி கூடிற்று, நம் கல்லாவில் ஆயில் காசு கூடவில்லை என்பதற்கு இது முதல் காரணம்.

லாரி விஷயம் இன்னும் கடுமை. ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 15 லிட்டர் மாற்றினால் ஆண்டுக்கு 150 லிட்டர். 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் வெறும் 30 லிட்டர். இன்று புது லாரிகளுக்கு 80,000 கிலோமீட்டர் வரைகூடத் தாங்கும் ஆயில் வந்திருக்கிறது. லிட்டர் விலை கூடுதல். ஆகவே கம்பெனிக்கு நஷ்டமில்லை. நமக்கோ ஐந்து முறை கடை ஏறிய வாடிக்கையாளர் ஒருமுறைதான் வருகிறார். அந்த ஒருமுறையும் பெரும்பாலும் வண்டிக் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கே போகிறார். உத்தரவாதம் இருக்கும்வரை எங்கள் பெயர் போட்ட ஆயிலையே ஊற்ற வேண்டும் என்று வண்டிக் கம்பெனிகள் சொல்கின்றன. பைக்கிலும் இதே கதைதான். உத்தரவாதம் முடிந்த பழைய வண்டிகளே நம் பங்கு.

லிட்டர் குறைந்தது, ரகமோ பெருகிற்று. முன்பு 20 டபிள்யூ 40 ஒன்றை வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் விற்றோம். இப்போது 10 டபிள்யூ 30, 5 டபிள்யூ 30, கியர் இல்லாத ஸ்கூட்டருக்குத் தனி, பைக்குக்குத் தனி. பைக் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து ஓடுவது. அதற்கு கேனில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும். ஸ்கூட்டருக்கு எம்.பி. தெரியாமல் கார் ஆயிலைப் பைக்குக்குக் கொடுத்தால் கிளட்ச் வழுக்கும். பழி கடைக்காரர் தலையில் விழும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புது டீசல் வண்டிகளுக்கும் தனி ரகம் வேண்டியதாயிற்று. பழைய ரகத்தைத் தவறி ஊற்றினால் புகைக்குழாய் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அந்தச் செலவை எந்தக் கடைக்காரரும் தாங்க முடியாது.

இந்த நிலைமையில்தான் ஸ்கீம் வருகிறது. பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பெட்டிக்கு 10 கேன், கேன் அடக்கம் வரி உட்பட 350 ரூபாய், விற்பது 375 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பெட்டிக்கு முதல் 35,000 ரூபாய். இலவசத்தோடு 110 கேன் விற்றால் 41,250 ரூபாய். மேலோட்டமாக 6,250 ரூபாய் லாபம். ஆனால் கிராமத்து மளிகைக் கடையில் மாதம் ஆறு கேன் விற்றாலே பெரிது. 110 கேன் விற்றுத் தீர ஏறத்தாழ 18 மாதம். விற்க விற்க முதல் குறையும் என்பதால் சராசரியாகப் பாதி முதலுக்கு, அதாவது 17,500 ரூபாய்க்கு, மாதம் ஒன்றரை வட்டி போட்டால் 18 மாதத்துக்கு 4,725 ரூபாய். மிச்சம் 1,525 ரூபாய்.

இலவசமே வேண்டாம் என்று ஒவ்வொரு பெட்டியாக எடுத்தால் என்ன ஆகிறது? மாதம் ஆறு கேனுக்கு 150 ரூபாய் வீதம் 18 மாதத்தில் 2,700 ரூபாய். ஒரு பெட்டிக்கான முடக்கத்துக்கு வட்டி 500 ரூபாய்க்குள் அடங்கும். மிச்சம் 2,200 ரூபாய். இலவசப் பெட்டி வாங்கியவரைவிட வாங்காதவருக்கே லாபம் அதிகம். அந்த 30,000 ரூபாயைப் பருப்பிலும் அரிசியிலும் போட்டு மாதம் இரண்டு சுற்று சுற்றியிருந்தால் கிடைத்திருக்கும் லாபத்தை நான் இதில் சேர்க்கவில்லை. கடனுக்குத்தானே எடுத்தேன், வட்டி ஏது என்பீர்கள். கடன் ரேட்டும் ரொக்க ரேட்டும் ஒன்றா என்று உங்கள் மொத்த வியாபாரியைக் கேளுங்கள். நானும் ஒரு மொத்த வியாபாரிதான், எனக்குத் தெரியும்.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. எனக்குக் கம்பெனி இலக்கு வைக்கும். மார்ச் 31-க்குள் அதை எட்டினால் ஆண்டுக் கழிவு. அதற்காக 25-ஆம் தேதிக்குமேல் சில்லறைக் கடைக்காரர்களுக்குப் போன் செய்து, 'அண்ணாச்சி, நாலு பெட்டி இறக்கி வைக்கிறேன், பணம் மெதுவாக வரட்டும்' என்று தள்ளியிருக்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் அவர்களிடம் எண்ணெயும் நகராது, பாக்கியும் வராது. ஒருமுறை வசூலுக்குப் போனபோது, பழைய வாடிக்கையாளர் ஒருவரின் கடையில் அரிசி மூட்டை இருந்த இடத்தில் என் ஆயில் பெட்டி அடுக்கியிருந்தது. தூசி படிந்து, மேல் அட்டை கிழிந்து, இரண்டு ஆண்டுக்கு முந்தைய தயாரிப்புத் தேதியோடு இருந்தது. அந்த ரகத்தைக் கம்பெனி நிறுத்தியே விட்டது. திரும்ப எடுக்கவும் மறுத்துவிட்டது. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அது இறங்கவில்லை.

முடங்கிய முதலை மீட்கும் அவசரத்தில்தான் போலி உள்ளே நுழைகிறது. பெட்டிக்கு நூறு இருநூறு குறைவு, பில் கிடையாது என்று வேனில் வருகிறார்கள். பழைய காலி கேனைப் பட்டறைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் வாங்கி, கண்ட எண்ணெயை நிரப்பி, மூடியைப் புதிதாகப் போட்டு வருவது பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. 2009-ல் நானே ஐந்து பெட்டி வாங்கி ஏமாந்தேன். ஒரு விவசாயியின் ஆயில் எஞ்சின் இறுகிப்போய், ரீபோர் செலவை நான் கொடுத்தேன். 2017 ஜூலையிலிருந்து ஆயிலுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். பில் இல்லாத சரக்கின் கவர்ச்சி அந்தப் பதினெட்டில்தான் இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். உங்கள் கடையில் வாங்கி அங்கேயே ஊற்றிச் செல்பவர்களின் காலி கேனை ஆணியால் இரண்டு ஓட்டை போட்டுவிட்டுப் பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போடுங்கள். செலவில்லாத வேலை.

புது டீசல் லாரிகளுக்குப் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியாக் கரைசல், பலர் ஆட்ப்ளூ என்று சொல்வது, ஆயிலைவிட வேகமாக நகர்கிறது. நெடுஞ்சாலை ஓரக் கடைகள் 20 லிட்டர் கேனில் வைக்கலாம். ஆனால் வெயிலில் அடுக்காதீர்கள், கெட்டுவிடும். 32.5 சதவீதம் சுத்த யூரியா, மீதி தாது நீக்கிய தண்ணீர், அதுதான் கலவை. வயலுக்குப் போடும் யூரியா மூட்டையைக் கரைத்து விற்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கடைப்பக்கம் விடாதீர்கள். அது வேப்பெண்ணெய் பூசிய உரம். லாரியின் கருவி பாழாகும், உரக் கட்டுப்பாட்டு ஆணையில் வழக்கும் வரும்.

மின்சார வண்டியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் மின்சார ஸ்கூட்டர் ஆயிரக்கணக்கில் தயாராகிறது. அதற்கு எஞ்சின் ஆயில் கிடையாது. பிரேக் ஆயிலும் கிரீஸும் வேண்டியிருக்கலாம். அது ஒரு வியாபாரமாகாது. ஆனாலும் இன்று ஊரில் ஓடுகிற பெட்ரோல் வண்டிகள் நாளையே மறையப் போவதில்லை. என் வயதுக்கு அது போதும். என் மகன் வயதுக்குப் போதாது.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். நிறுத்தப்பட்ட ரகத்தையும், தயாரித்து ஓராண்டு கடந்தும் உடைக்காத பெட்டியையும் கம்பெனிகள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சங்கத்தின் பெயரில் கடிதம் எழுத வேண்டும். பிஸ்கட்டுக்குப் போராடிப் பெற்ற கடைகள் உண்டு. ஆயிலுக்கு ஏன் கூடாது? உறுப்பினர்கள் தத்தம் கடையில் தேங்கியுள்ள சரக்கை, ரகம், தயாரிப்பு மாதம், எண்ணிக்கை போட்டு எழுதிக் கொடுத்தால் கடிதத்துக்குப் பலம் கிடைக்கும்.

என் பங்குக்கு அந்த 400 பெட்டியை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்த ஆண்டு கழிவு போயிற்று. இப்போது மளிகைக் கடைகளுக்குப் பெட்டியை உடைத்து இரண்டு கேன், மூன்று கேன் என்றும் பருப்பு மூட்டை ஏறும் அதே வண்டியில் போட்டு அனுப்புகிறேன். சில்லறை பில் எழுதியே கை ஓய்ந்துவிடுகிறது என்று என் மகன் முணுமுணுக்கிறான்.