சர்வீஸ் புத்தகமும் கணினியும்

மத்திய அரசு அலுவலகங்களில் தடித்த அட்டை போட்ட சர்வீஸ் புத்தகம் விடைபெற்று வருகிறது. பணியாளர் துறை 2017 டிசம்பர் 25-ந் தேதி தொடங்கிய 'இ-எச்.ஆர்.எம்.எஸ்.' என்ற கணினி ஏற்பாடு, 2022-ல் இரண்டாம் வடிவம் பெற்றது. லீவு, முன்பணம், சர்வீஸ் விவரம் யாவற்றையும் ஊழியர் இருந்த இடத்திலேயே பார்க்கலாம். பீரோவில் பூட்டிய புத்தகத்தைக் காணக் கெஞ்சிய காலம் போகிறதென்றால் வரவேற்க வேண்டியதுதான்.

ஆனால் இத்தகைய மென்பொருளை உருவாக்கும் குழுவின் தலைவருக்குக் கணினி தெரிந்தால் மட்டும் போதாது. நிரல் எழுத ஆள் கிடைக்கும். முப்பது ஆண்டு மைக் கறையையும் அடித்தல் திருத்தலையும் படித்துப் பொருள் சொல்ல எஸ்டாபிளிஷ்மெண்ட் குமாஸ்தாவால்தான் முடியும்.

தமிழருக்கு இதில் தனித் தொல்லை உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்துத்தான். வடக்கே படிவங்கள் முதற்பெயர், கடைப்பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டுகின்றன. எஸ். முருகன் ஆதாரில் முருகன் சுப்பையா, வங்கியில் சுப்பையா முருகன். ஒரே ஆள்தான் என்பதைக் குமாஸ்தா அறிவார், கணினி அறியாது. பென்ஷன் நேரத்தில் அலைபவர் முருகன்.

பிறந்த தேதி இன்னும் சிக்கலானது. பணியில் சேர்ந்து ஐந்தாண்டுக்குள் கோரினாலன்றி அதை மாற்றலாகாது என்பது விதி. முறைகேட்டைத் தடுக்க எழுந்த விதி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் புத்தகத்தில் 1968 என்றிருப்பதைக் கணினியில் ஏற்றியவர் 1966 எனத் தட்டிவிட்டால் இரண்டாண்டுச் சம்பளமே போய்விடும். இது ஊழியர் கேட்கும் மாற்றமல்ல, ஏற்றியவர் பிழை. இரண்டையும் வேறுபடுத்தித் திருத்தும் வழியும், திருத்தும் அதிகாரி யார் என்பதும் மென்பொருளிலேயே இருக்க வேண்டும். (சர்வீஸ் புத்தகமே இல்லாத ஒப்பந்தத் தொழிலாளர் கதை வேறு, தனியே எழுத வேண்டியது.)

ஆண்டுதோறும் புத்தகத்தை ஊழியரிடம் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும் என்பது பழைய விதி. எத்தனை அலுவலகங்கள் அப்படிச் செய்தன என்பதை வாசகர்களே அறிவார்கள்.

இப்பணியில் ஈடுபட்டுள்ள தேசிய தகவலியல் மையம் லோதி சாலையில் இருக்கிறது. அங்குள்ள குழுத் தலைவர்கள் ராமகிருஷ்ணபுரத்து அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா பக்கத்தில் ஒரு மாதம் உட்கார்ந்து பார்க்கட்டும். பழைய புத்தகங்களைக் கட்டிப் பரணில் போடுமுன், கணினியில் ஏறியதையும் மூலப் பக்கத்தையும் ஒப்பிட்டு ஊழியரின் கையொப்பம் பெற வேண்டும். ஓய்வுக்கு ஐந்தாண்டு இருக்கையில் சர்வீஸைச் சரிபார்க்க வேண்டும் என்று பென்ஷன் விதி ஏற்கெனவே சொல்கிறது. அந்த வரிசையில் நிற்பவர்களிடமிருந்தே தொடங்கலாம்.