வானுக்குள் என்ன பலகை?



காரைதீவுச் சந்தியில் வானை நிறுத்தி இடியப்பம், சோறு விற்கக் கடன் எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். வானின் விலையை எல்லோரும் விசாரிக்கிறோம். உள்ளே அடிக்கும் தட்டுகளை ஓடாவியாரிடமே விட்டுவிடுகிறோம். கிழமைக்குக் கிழமை கட்டவேண்டிய கடன் காசு கரைவது அங்கேதான்.

மலிவு என்று எம்.டி.எப். பலகை போடச் சொல்வார்கள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது அது. மாரி ஈரம் பட்டால் ஓரம் ஊதும். பிறகு திருகாணி பிடிக்காது. பாரமும் கூட. 8 அடிக்கு 4 அடி, 12 மில்லிமீற்றர் பலகை ஒன்று ஏறத்தாழ 27 கிலோ. அதே அளவு பிளைவூட் 20 கிலோதான். மிச்சப் பாரத்தைப் பெற்றோல் காசில் சுமப்பது நீங்கள்தான்.

தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவூட் விலை கூடியது. தரைக்கும் கழுவும் தொட்டியைச் சுற்றியும் மட்டும் அதைப் போடுங்கள். மேல்தட்டுகளுக்குச் சாதாரண பிளைவூட் போதும். வெட்டிய ஓரங்களுக்கு, தோணி செய்பவர்கள் பாவிக்கும் ரெசினைப் பூசினால் ஈரம் லேசில் ஏறாது. இரும்புத் திருகாணி நமது உப்புக்காற்றுக்குக் கறள் கட்டிவிடும். 'ஸ்டெயின்லெஸ்' என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

மிக முக்கியம், எரிவாயுச் சிலிண்டர். சமையல் வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் கீழேதான் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டியின் அடியில், வானுக்கு வெளியே திறக்கும்படி துவாரம் விடச் சொல்லுங்கள். அடுப்புக்குப் பின்னால் பலகை வேண்டாம். சற்று இடைவெளி விட்டு அலுமினியத் தகடு அடிக்கலாம்.

கடன் படிவத்தில் கையெழுத்து வைக்கமுன், கல்முனையில் இரண்டு பலகைக் கடைகளிலாவது விலையை எழுத்தில் வாங்குங்கள். ஓடாவியாருக்கு முழுக்காசையும் முற்பணமாகக் கொடுக்க வேண்டாம்.