மழையை வடிக்கிற ஊர்

அண்மையில் எனக்கு வாய்த்த புதிய வாசனை, உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜில் வடிக்கும் மண் அத்தர். மணிக்கட்டில் ஒரு துளி தடவியதுமே, கோடை மழையின் முதல் தூறலில் கொடித்துணிகளை அள்ளிக்கொண்டு ஓடும் பாட்டி கண்முன் வந்து நின்றார். பார்ப்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் வழியே சுற்றிப் போக, வாசனை மட்டும் உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு நேர்வழியில் போய்விடுகிறது. மழைமணம் மண்ணிலும் பாறையிலும் தங்கும் எண்ணெயிலிருந்து எழுவதாக, விஞ்ஞானிகள் இசபெல் பேரும் ரிச்சர்ட் தாமசும் 1964இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கன்னோஜ்காரர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அதைக் குப்பியில் அடைத்துவிட்டார்கள்! சுட்ட களிமண்ணைச் செப்புக் கொப்பரையில் நீரோடு கொதிக்கவிட்டு, ஆவியை மூங்கில் குழாய் வழியே சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அந்தச் சந்தனம்தான் மண்மணத்தை நாள் முழுக்கத் தோலில் பிடித்து வைக்கிறது. சந்தனம் விலையேறியதால் பலர் திரவ பாரஃபினுக்கு மாறிவிட்டார்கள். பிழைப்புக்காக மாறியவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால், எதில் வடித்தது என்பதைக் குப்பியின் மேல் அச்சிட்டே ஆகவேண்டும். புவிசார் குறியீடு பெற்ற பொருளுக்கு அந்த நேர்மைகூட இல்லாவிட்டால் எப்படி?