பட்டன் டயரும் எட்டு பாயிண்ட் காத்தும்

பி.காம் படிக்கிறவன் டயரைப் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. பேலன்ஸ் ஷீட்டை விட எனக்கு அதிகமா செலவு வெச்ச பாடம் இதுதான்.

எங்க ஏனாத்தூர் ரோட்டுல நாலஞ்சு புல்லட் பட்டன் டயரோட சுத்துது. காட்டுக்கும் போறதில்லை, மலைக்கும் போறதில்லை. ரங்கசாமி குளம் பக்கம் டீ குடிக்கப் போறாங்க, அவ்வளவுதான். கேட்டா "டிரையல்ஸ் லுக் மச்சி"ங்கறாங்க. நானும் அந்தக் கூட்டத்துல ஒருத்தனா இருந்தவன்தான், அதனால தைரியமா சொல்றேன்: அது வேஷம். டிரையல்ஸ் வண்டியோட வித்தை டயரோட முகத்துல பாதி, உள்ள இருக்கிற காத்துல பாதி.

டிரையல்ஸ்ங்கறது ரேஸ் இல்லை. பாறை, சேறு, ஓடைன்னு ஒரு சின்னப் பாதையைக் கால் ஊனாம கடக்கணும். ஒரு தடவை ஊனினா 1 மார்க் தண்டனை, வண்டி நின்னுட்டா 5. ஸ்காட்லாந்துல ஆறு நாள் நடக்கிற டிரையல்ஸை 1952-ல ஜானி பிரிட்டன் ஜெயிச்சது புல்லட் 350-லதான். அதே புல்லட்டை 1955-லேர்ந்து நம்ம திருவொற்றியூர்ல செய்ய ஆரம்பிச்சாங்க. (எம்.ஆர்.எஃப் 1946-ல பலூன் செஞ்சு தொழில் தொடங்கினதும் அதே திருவொற்றியூர்தான். டயரும் வண்டியும் ஒரே ஊர்க்காரங்க!) அந்தப் பழைய பெருமையை நினைச்சுத்தான் 2019-ல 'புல்லட் டிரையல்ஸ்'னு ஒரு மாடலை விட்டாங்க. 2020-க்கு மேல அது ஓடலை.

இப்ப டயருக்கு வர்றேன். நிஜ டிரையல்ஸ் டயர்ல கட்டைகள் சின்னதா, சதுரமா, நெருக்கமா இருக்கும். பக்கச் சுவர் மெத்துனு இருக்கும். பாறை மேல ஏறும்போது டயர் கல்லைச் சுத்தி மடிஞ்சு பிடிக்கணும், அதுக்குத்தான். மோட்டோகிராஸ் டயர்ல கட்டைகள் உயரமா, தள்ளித் தள்ளி இருக்கும். அது வேகமா மண்ணைத் தோண்டுறதுக்கு. நம்ம ஆளுங்க போடுறது இந்த ரெண்டும் இல்லாத நடுவாந்திரம். மழையில நனைஞ்ச தார் ரோட்டுல அந்தக் கட்டைகளோட நுனிதான் தரையைத் தொடும், பிடிப்பு கம்மி. அளவுலயும் சிக்கல் இருக்கு. பழைய டிரையல்ஸ் வண்டிக்கு முன்னாடி 21 இஞ்சுல ஒல்லி டயர், பின்னாடி 4.00 தடிமன்ல 18 இல்லேன்னா 19. எங்க மாமாவோட 1988 புல்லட்டுக்கு ரெண்டுமே 19. நல்ல டிரையல்ஸ் டயர் பெரும்பாலும் 18-க்குத்தான் வருது.

காத்துக் கணக்கு இன்னும் சுவாரசியம். ரோட்டுல புல்லட்டுக்கு முன்னாடி 18, 20 பாயிண்ட், பின்னாடி 28, 30 பாயிண்ட். டிரையல்ஸ்ல 70 கிலோ சுமாருக்கு இருக்கிற இன்னைய வண்டிகளுக்குப் பின்னாடி 4, 5 பாயிண்ட் போதும். கனமான பழசுக்குக் கொஞ்சம் கூட. பின் சக்கரத்து மேல 130 கிலோ, அதாவது சுமார் 286 பவுண்டு உட்கார்ந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. அதை 28-ஆல வகுத்தா சுமார் 10 சதுர இஞ்சு ரப்பர் தரையில. 8-ஆல வகுத்தா 35-க்கு மேல. டயர்ச் சுவரும் கொஞ்சம் தாங்குறதால நிஜத்துல அவ்வளவு வராது, ஆனா வித்தியாசம் புரியுதில்ல?

எனக்கும் புரிஞ்சுது. பாதி மட்டும்.

செவிலிமேடு பாலத்துக்குக் கீழ பாலாத்து மணல்ல மாமா புல்லட்டை இறக்கினேன். 28 பாயிண்ட்ல பின் சக்கரம் புதைஞ்சு நின்னுது. 8-க்கு இறக்கினதும், அடடா, மிதந்துக்கிட்டு போச்சு! போட்டிருந்தது சாதாரண ரோடு டயர், பட்டன் கூட இல்லை. அந்த சந்தோஷத்துல பம்பு அடிக்க சோம்பேறித்தனம், வீடு பக்கம்தானேன்னு அப்படியே ரோட்டுல ஏறிட்டேன். ஐம்பதுல வளைவு வந்ததும் பின்பக்கம் பாம்பு மாதிரி நெளிஞ்சுது. பயந்து பிரேக் அடிச்சேன். ரிம் சுத்துறதை நிறுத்திடுச்சு, டயர் ட்யூபையும் இழுத்துக்கிட்டு ரிம் மேல வழுக்குச்சு. வால்வு வேரோட பிஞ்சு வந்துடுச்சு. எதிர்ல லாரி வரலை, அதனால இதை எழுதிக்கிட்டிருக்கேன்.

இதுக்குத்தான் டிரையல்ஸ் வண்டியில ரிம் லாக்னு ஒண்ணு போடுவாங்க. ரிம்ல ஓட்டை போட்டு, டயரோட ஓரத்தை ரிம்மோட சேர்த்து நெருக்கிப் பிடிக்கிற ஒரு கவ்வி. அது இல்லாம ட்யூப் டயர்ல காத்தை இவ்வளவு இறக்கவே கூடாது. அதோட ரெண்டு சாமான்: 15 பாயிண்ட்டுக்குள்ள துல்லியமா காட்டுற கேஜ் (பஞ்சர் கடைக் கேஜ் அவ்வளவு கீழ நம்புற மாதிரி காட்டாது), ஒரு கால் பம்பு. மூணும் சேர்ந்தாலும் ஒரு பட்டன் டயர் விலைக்குக் கீழதான் வரும். முதல்ல இதை வாங்குங்க, டயரை அப்புறம் பார்க்கலாம்.

அன்னைக்கு மூணு கிலோமீட்டர் தள்ளிக்கிட்டு வந்தேன். நெஞ்ச சேலையை மாமா சொசைட்டியில குடுக்க வேண்டிய நாள் அது. எனக்காகக் காத்திருந்துட்டு, சேலையை மடியில வெச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோவுல போனாராம். போறதுக்குள்ள சொசைட்டி மூடிட்டாங்க. திரும்பி வந்து திட்டுவாருன்னு நின்னேன். "காத்து எவ்வளவு வெச்சிருந்தே?"ன்னு மட்டும் கேட்டார். எட்டுன்னு சொன்னேன். ஒண்ணும் பேசலை.

ரிம் லாக் வாங்கி வெச்சுட்டேன். மாமா இன்னும் சாவியைத் தரலை.