லாந்தர் செய்யலாம் வாங்க!

ஜெர்மனியில ஒரு குடும்பத்தோட தங்கி, அவங்க குட்டீஸைப் பார்த்துக்கிட்டே ஜெர்மனும் கத்துக்கலாம். இதுக்குப் பேர் 'ஓ பேர்'. பிரெஞ்சு வார்த்தை. 'சரிசமமா'ன்னு அர்த்தம். 27 வயசுக்குள்ள இருக்கணும், அடிப்படை ஜெர்மன் தெரியணும்.

அங்கே சீஸனுக்கு ஒரு கொண்டாட்டம். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள். குட்டீஸ் காகித லாந்தரைக் கம்புல தொங்கவிட்டு, பாடிக்கிட்டே ஊர்வலம் போவாங்க. முந்தின வாரம் பசையும் கையுமா உட்காரப் போறது நீங்கதான்! டிசம்பர் 5 ராத்திரி ஷூவைத் துடைச்சு வாசல்ல வெச்சா, காலையில உள்ளே சாக்லேட், ஆரஞ்சு. நிகோலஸ் தாத்தா வந்துட்டுப் போனாராம்!

ஆனா பாஸ், பண்டிகைன்னாலே வேலை கூடும். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30. அதுக்கு மேல கிடையாது. வாரம் ஒன்றரை நாள் லீவு உங்க உரிமை. ஹெச்.ஓ.டி.கிட்ட லீவு கேட்கிற மாதிரி கெஞ்சாதீங்க. ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டுங்க!

ஜனவரியில நம்ம டர்ன். அந்த வீட்டு அடுப்புல பால் பொங்கட்டும். குட்டீஸ் 'பொங்கலோ பொங்கல்'னு கத்தட்டும். அவங்க லாந்தருக்கு நம்ம பொங்கல்... அப்போதானே சரிசமம்?