மூன்றாம் மாடிக்கும் கேட்க வேண்டும்!

(மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்)

"கவனிக்கவும்! கவனிக்கவும்!"

நம் கல்லூரி முற்றத்துக் கூம்பு ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியதும் மரத்துக் காக்கைகள் பறக்கும். வகுப்பில் விரிவுரை நிற்கும். சென்ற பருவத் தேர்வின்போது, விடைத்தாளில் தலை கவிழ்ந்திருந்த எங்கள் செவியில் அது விளையாட்டு விழா அணிவகுப்புக்கு ஆள் கூப்பிட்டது. தேர்வுக் கட்டணத்துக்கு அன்றே கடைசி நாள் என்று அதே குழாய் அலறியபோதோ, புதிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்த என் நண்பனுக்குக் கேட்கவில்லை. அபராதம் கட்டினான். அவன் தந்தையின் ஒரு நாள் கூலி அது.

இணைய வழிக் கருவிகள் இக்குறையைப் போக்கும் என்கிறார்கள். உண்மைதான். பழைய முறையில் ஒரே பெருக்கி. அதிலிருந்து 100 வோல்ட் கம்பி எல்லா ஒலிபெருக்கிகளுக்கும் ஓடும். இடம் பிரித்துப் பேச வேண்டுமானால் இடத்துக்கொரு கம்பி இழுக்க வேண்டும். புதிய முறையிலோ, கணிப்பொறிக்கு இருப்பதுபோல ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் தனி முகவரி உண்டு. ஒரே கம்பியில் குரலும் மின்சாரமும் சேர்ந்து வந்துவிடும். தேர்வுக்கூடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களுக்கு மட்டும் பேசலாம். எந்த ஒலிபெருக்கி ஊமையாயிற்று என்பதை அலுவலகத்திலிருந்தே அறியலாம். (பழையதில் அதை அறிய யாரேனும் ஒருவன் அபராதம் கட்ட வேண்டும்!)

ஆயினும் பழையதைக் கழற்றி எறியச் சொல்ல எனக்கு மனமில்லை. வெளி இணையம் அறுந்தாலும் வளாகத்துக்குள் புதிய கருவி பேசும். ஆனால் மின்சாரம் அறுந்தால்? அதன் செப்புக் கம்பி 100 மீட்டருக்குமேல் போகாதாகையால் இடையிடையே இணைப்புப் பெட்டிகள் வேண்டும். அத்தனைக்கும் மின்கலத் துணை வேண்டும். பழைய பெருக்கிகளில் பல, 12 வோல்ட் கார் பாட்டரியிலேயே முழங்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசியும் ஒருசேர ஓய்ந்ததை நாம் மறந்துவிடவில்லையே! தவிரவும், கூம்பின் காயில் கருகினால் கடைத்தெரு மைக் செட்காரர் மாற்றித் தந்துவிடுவார். புதியதன் மின்னணுப் பலகை பழுதானால் அவரும் கையை விரிப்பார்.

ஆகவே, வகுப்பறைகளுக்குப் புதியது வரட்டும். முற்றத்துக் கூம்பு, பாட்டரியோடு அங்கேயே இருக்கட்டும். அனைத்துக்கும் ஒரே ஆண்டில் பணம் கிடைக்காது என்பதை அறிவோம். முதல்வர் அவர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவே: முதல் கருவியைப் புதிய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் பொருத்துங்கள். அதுவரை கட்டண அறிவிப்பை ஓர் ஏவலர் மூலம் வகுப்பு வகுப்பாக அனுப்புங்கள்.