மார்கழியில் காளானுக்கும் மூச்சு முட்டும்!

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர் வீடுகளில் மாலை 6 மணிக்கே ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். ஒன்று பனி, இன்னொன்று கொசு. மனிதர்களுக்கு அது சரிதான். ஆனால் அதே வீட்டின் பின்னறையில் பத்து காளான் படுக்கைகள் தொங்கிக்கொண்டிருந்தால்?

"ஒரு சின்ன அறை போதும், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்ற விளம்பரத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. விதை என்ன விலை, காளான் கிலோ என்ன விலை, மாதம் எவ்வளவு லாபம் என்றெல்லாம் அதில் கணக்கு இருக்கும். காற்று எங்கிருந்து வரும் என்பது மட்டும் இருக்காது. வீட்டுக்குள் காளான் வளர்ப்பவர்கள் பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

காளான் ஒரு செடி அல்ல. செடி வெளிச்சத்தில் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு ஆக்சிஜனைத் தரும். காளானோ நம்மைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளியே விடும். அறையை இறுக மூடினால் அந்த வாயு சேர்ந்துகொண்டே போகும். அப்போது சிப்பிக் காளானின் காம்பு நீண்டு, தலை சிறுத்துப் போகும். பார்ப்பதற்குக் குட்டி எக்காளம் மாதிரி இருக்கும். அதைக் கடைக்காரர் வாங்க மாட்டார். விதை மோசம் என்று திட்டுபவர்கள் முதலில் ஜன்னலைப் பார்ப்பது நல்லது.

இன்னொரு விஷயம் சூடு. வைக்கோலில் பூசணம் பரவும் நாட்களில் படுக்கையே சூட்டை உண்டாக்கும். அறையில் இருப்பதை விடப் படுக்கைக்குள் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். நெருக்கமாகத் தொங்கவிட்டு, கதவையும் சாத்தினால் அந்தச் சூடு போக வழியில்லை. ஈரமும் தேங்கும். பிறகு பச்சைப் பூசணம் வந்து குடியேறும், கூடவே சின்னச் சின்ன ஈக்களும் வரும்.

குளிர் நாடுகளில் வீட்டுக்குள் எதை வளர்த்தாலும் குளிர்காலத்தில் பெரிய தலைவலி சூடேற்றுவதுதான். அங்கே எழுதியதைப் படித்துவிட்டு இங்கே சிலர் அறையில் குண்டு பல்பு எரிய விடுகிறார்கள், ஹீட்டர் வைக்கிறார்கள். சென்னையின் ஜனவரி இரவு சராசரியாக 21 டிகிரி. இதற்கு ஹீட்டரா! தண்ணீர் சேர்க்காமல் காற்றைச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் குறையும். காளானுக்குத் தேவை 80 முதல் 90 சதவீத ஈரப்பதம். கரண்ட் செலவு செய்து மொட்டுகளைக் காய வைப்பதுதான் மிச்சம்.

சரி, என்னதான் செய்வது? அறையை மாற்றுவதற்குப் பதில் காளானை மாற்றலாம். சிப்பிக் காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வரை தோதானது. ஐப்பசி மழை தொடங்கி மாசி வரை சென்னையே அதற்கு ஒரு குளிர் அறை மாதிரிதான். பால் காளானுக்கு 30 முதல் 35 டிகிரி வேண்டும். இந்த வகையைப் பெரிய அளவில் சாகுபடிக்குக் கொண்டுவந்ததில் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1998ல் ஏ.பி.கே.2 என்ற ரகத்தை அது வெளியிட்டது. பங்குனி முதல் புரட்டாசி வரை இதை வளர்க்கலாம். மார்கழியில் பால் காளான் மெதுவாக வருகிறதே என்று கவலைப்படுவது, தையில் மாம்பழம் இல்லையே என்று கவலைப்படுவது போலத்தான்.

மொட்டுக் காளான் கதை வேறு. அது காய்ப்புக்கு வர 14 முதல் 18 டிகிரி வேண்டும். ஊட்டியில் சுலபம், தி.நகரில் ஏசி போட்டாக வேண்டும். மணிக்குச் சராசரியாக 1 யூனிட் என்று வைத்தால்கூட 60 நாளில் 1,440 யூனிட்! யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அந்த பில்லைக் கட்டிவிட்டு ஊட்டிக் காளானோடு விலையில் போட்டி போட முடியுமா? பாரிஸ்காரர்கள் 19ம் நூற்றாண்டில் இதே காளானைப் பூமிக்கடியில் இருந்த பழைய கல் குவாரிகளில்தான் வளர்த்தார்கள். வருஷம் முழுக்க அங்கே ஒரே குளிர்ச்சி, செலவில்லாமல் கிடைத்தது. இருக்கிற இடத்துக்கு ஏற்ற தொழிலைச் செய்வதுதான் கெட்டிக்காரத்தனம்.

லாப நஷ்டத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சிப்பிக் காளான் முற்றினால் கண்ணுக்குத் தெரியாத வித்துகளை ஏராளமாகக் காற்றில் கொட்டும். மூடிய அறையில் தினமும் அதைச் சுவாசிப்பவர்களில் சிலருக்கு ஒவ்வாமை வரும். சில மணி நேரத்தில் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல். காளான் பண்ணை வேலையாட்களுக்கு வருகிற நுரையீரல் நோய் என்று மருத்துவர்கள் இதைத் தனியாகவே சொல்கிறார்கள். சாதாரணச் சளி என்று நினைத்து விட்டுவிட்டால் நாளடைவில் நுரையீரலே கெட்டுப் போகலாம். ஆஸ்துமா உள்ள பாட்டியும், தவழும் குழந்தையும் இருக்கிற இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் மூன்று வேளையும் இந்தக் காற்றுதான் என்றால்... அந்த லாபம் யாருக்கு?

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் போதாதா என்று கேட்கலாம். அது எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதுதான் கேள்வி. அடையாறு, தி.நகர் அடுக்குமாடிகளில் அது பெரும்பாலும் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்துத்தான் இருக்கும். தன் வீட்டு வித்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவது தீர்வல்ல.

எனவே காளான் வளர்க்க நினைப்பவர்கள் படுக்கையறையை விட்டுவிட வேண்டும். மொட்டை மாடியில் ஓலை வேய்ந்த சின்னக் குடில், சுற்றிலும் ஈரக் கோணி, ஜன்னலுக்கு நைலான் வலை, காலை மாலை கொஞ்ச நேரம் காற்றோட்டம். வலை இருந்தால் ஈ, கொசு இரண்டும் வராது, காற்று மட்டும் வரும். தலை முற்றி மேல்நோக்கி வளைவதற்கு முன்பே பறித்துவிட வேண்டும். உள்ளே போகும்போது முகமூடி கட்டாயம். மாடி இல்லாதவர்கள், அசோசியேஷன் அனுமதி தராதவர்கள் இந்தத் தொழிலைத் தள்ளிப் போடுவதே மேல்.

பயிற்சி தருபவர்களும் விதை விற்பவர்களும் லாபக் கணக்கோடு இந்தக் காற்றுக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டுப் பெண்கள் சீட்டுப் பணத்தையும் நகைக் கடனையும் போட்டுத் தொடங்குகிற தொழில் இது. பழைய மயிலாப்பூர் வீடுகளில் முற்றம் என்ற ஒன்று இருந்தது, யாரும் சொல்லிக் கொடுக்காமலே காற்று வந்துபோகும். இன்றைய ஃபிளாட்டில் அது இல்லை. ஆகவே முதல் விதைப் பாக்கெட் வாங்குவதற்கு முன்பு, காற்று எந்த வழியாக உள்ளே வரும், எந்த வழியாக வெளியே போகும் என்று ஒரு காகிதத்தில் வரைந்து பார்க்கட்டும். வரைய முடியவில்லை என்றால், பணம் பத்திரமாக இருக்கட்டும்!